அறுபது மில்லி செகண்ட்

அந்தப் பெட்டியைத் தயவுசெய்து கவிழ்த்து வைக்காதீர்கள், இன்ஸ்பெக்டர் மேடம். காற்றுப் போகும் துளைகள் மேல்பக்கம்தான் இருக்கின்றன. மூடிக்கொண்டால் உள்ளே சூடு ஏறும். சூடு ஏறினால் குளறுபடி செய்யும். இப்போது அதில் மின்சாரமே இல்லையே என்கிறீர்கள். சரிதான், பழக்க தோஷம். பதினான்கு வருடமாக வீடு வீடாகப் போய் இணைய இணைப்பைச் சரிசெய்து கொடுக்கிறவன் நான். ரவுட்டரைக் கவிழ்த்து அதன்மேல் துணியை மடித்து வைத்திருக்கிற வீட்டுக்குள் நுழைந்தால், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே எனக்குக் கை பரபரக்கும்.

கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். மறைக்கிற எண்ணம் எனக்கு இல்லை. மறைக்க நினைக்கிறவன் தேதி போட்டுக் காரணம் எழுதி வைப்பானா? என் தொழிலில் அதுதான் முதல் பாடம். ஒரு கருவியில் எந்த அளவை மாற்றினாலும், பக்கத்தில் இருக்கும் குறிப்புக் கட்டத்தில் தேதி, அளவு, காரணம் மூன்றையும் எழுதிவிட வேண்டும். நாளைக்கு வேறொருவன் வந்து திறந்து பார்த்தால் முழி பிதுங்கி நிற்கக் கூடாது. பாதிப் பேர் எழுதுவதில்லை. நான் ஒருநாளும் எழுதாமல் விட்டதில்லை. சொந்த வீட்டுப் பெட்டி என்பதற்காகச் சோம்பல்படுகிற ஆள் இல்லை நான்.

தம்பிக்காகத்தான் இதை வாங்கினேன். எனக்கும் அவனுக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். அவனுக்கு இரண்டு வயதாகும்போது அம்மா போய்விட்டாள். ஐந்து வயதாகும்போது அப்பாவுக்கு நரம்பு நோய் வந்தது. அதற்குப் பிறகு ஒன்பது வருடம் அப்பா படுக்கை அறையை விட்டு வெளியே வந்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவரைக் குளிப்பாட்டியது, ஊட்டியது, திருப்பிப் படுக்க வைத்தது எல்லாம் நான்தான். இவனைப் பள்ளிக்கு அனுப்பியதும் நான்தான். யாரும் என்னைக் கேட்கவும் இல்லை, நான் யாரிடமும் அலுத்துக்கொள்ளவும் இல்லை. அப்பாவை எடுத்துப் போன மறுநாள், பதினான்கு வயதுப் பையன், காலிக் கட்டிலைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"இதே மாதிரி எனக்கு வந்தா என்னண்ணா பண்றது?"

"நான் இருக்கேன்ல," என்றேன்.

அவ்வளவுதான் பேச்சு. அவன் அதை மறந்திருப்பான். நான் மறக்கவில்லை.

கணினியில் அவன் ஆடுவது துப்பாக்கி ஆட்டம். இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர். ஒவ்வொருவரும் அவரவர் வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள். சுவர் ஓரத்தில் ஒரு தலை எட்டிப் பார்க்கும், உடனே மறையும். அதற்குள் சுட வேண்டும். எங்கள் வீட்டுப் பழைய இணைப்பில், தம்பி பொத்தானை அழுத்திய பிறகு அது ஆட்டத்தை நடத்துகிற சர்வருக்குப் போய்ச் சேர்ந்து பதில் வர நாற்பத்தெட்டு மில்லி செகண்ட் ஆயிற்று. அதாவது ஒரு நொடியை ஆயிரமாக வெட்டினால் அதில் நாற்பத்தெட்டுத் துண்டு. கண் இமைக்கிற நேரத்தில் பாதிகூட இல்லை. ஆனால் அந்த ஆட்டத்தில் ஆள் செத்துவிடுவான்.

தாமதத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், மேடம். தாமதம் ஒரே அளவாக இருந்தால் கை பழகிக்கொள்ளும். பஸ் தினமும் பத்து நிமிடம் லேட் என்றால் நாமும் பத்து நிமிடம் கழித்துக் கிளம்புவோம். ஒருநாள் இரண்டு நிமிடம், ஒருநாள் இருபது நிமிடம் என்றால்தான் மனுஷன் பைத்தியமாகிவிடுவான். அந்த ஏற்ற இறக்கத்துக்கு எங்கள் தொழிலில் ஜிட்டர் என்று பெயர். அதை ஒழிப்பதுதான் உண்மையான வேலை.

நான் ஒழித்தேன். கூடத்திலிருந்து அவன் அறைக்குச் சுவரோரமாகப் புதுக் கேபிள் இழுத்தேன். பக்கத்து வீட்டு வைஃபையோடு முட்டாத அலைவரிசையைத் தேடிப் பிடித்தேன். இந்தப் பெட்டியில் ஒரு பட்டியல் உண்டு. வீட்டில் இருக்கும் கருவிகளை வரிசையாக அடுக்கினால், மேலே இருப்பதற்குத்தான் முதலில் வழி விடும். எல்லாவற்றுக்கும் மேலே அவனுடைய கணினியை வைத்து, 'சின்னவன்' என்று பெயர் போட்டேன். என் போனைக் கடைசியில் வைத்தேன். நாற்பத்தெட்டு பதினொன்றாக இறங்கியது. ஏற்ற இறக்கம் ஒன்றுக்கும் கீழே.

கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த பெட்டியைத் தம்பி அண்ணாந்து பார்த்தான். எட்டு ஆன்டெனாக் கொம்புகள்.

"என்னண்ணா, மல்லாந்து கிடக்கிற கரப்பான் பூச்சி மாதிரி இருக்கு."

"கரப்பான் பூச்சிதான் உன்னைக் காப்பாத்தப் போகுது. ஆடிப் பாரு."

ஆடினான். அன்றைக்கு அவன் திரும்பி என்னைப் பார்த்த பார்வைக்காக இன்னும் பத்து வீட்டுக்குக்கூடக் கேபிள் இழுத்திருப்பேன். ஆறே மாதத்தில் அவனுடைய ஆட்டப் பெயர் தெரியாதவர்கள் இல்லை என்று ஆனது. 'கொடுக்கு' என்று வைத்துக்கொண்டிருந்தான். தேள்கொடுக்கு. எதிரே ஆடுகிறவர்கள் கொடுக்கு இருக்கிறான் என்றாலே வெளியேறிவிடுவார்களாம். எனக்குப் பெருமையாக இருந்தது. பெருமை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அப்புறம்தான் பயிற்சியாளர் வந்தார். வேறொரு நகரத்தில் ஓர் அணி. அவன் தங்குவதற்கு அறை, சாப்பாடு, காலை முதல் மாலை வரை ஆட்டம். மூன்று மாதம் அவன் வீட்டிலிருந்தே ஆடுவதைப் பார்ப்பார்கள். தேறினால் கிளம்பிவிட வேண்டியது. தம்பி அதை எனக்குச் சொன்னபோது நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"அங்க போயிட்டா அப்படியே இருந்துரலாம்ணா. நீயும் உன் வாழ்க்கையைப் பாரு. எவ்வளவு நாளைக்குத்தான் எனக்குச் சமைச்சுப் போடுவே?"

நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். அவன் மனதில் எள்ளளவும் கெடுதல் கிடையாது. "போயிட்டு வாடா," என்றேன். அவனுடைய நாலு சட்டைகளையும் மடித்து அலமாரியில் வைத்தேன். பிறகு கூடத்துக்குப் போய் என் போனில் இந்தப் பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன்.

முதல் நாள் நான் கூட்டிய தாமதம் இருபது மில்லி செகண்ட்தான். அதுவும் ஆட்டத்துக்கு மட்டும். படம் பார்த்தாலோ பேசினாலோ ஒரு மாற்றமும் தெரியாது. திரையின் மூலையில் தாமதத்தைக் காட்டும் ஒரு சின்ன எண் இருக்கும். ஆடுகிறவர்கள் அதைக் கண்ணும் கருத்துமாகப் பார்ப்பார்கள். அந்த எண்ணைக் கணக்கிடுகிற சோதனைத் தகவல் தனியாகப் போய் வரும். அதை மட்டும் தொடாமல் விட்டேன். அதனால் மூலையில் எப்போதும் பதினொன்றுதான். சுத்தமான வேலை, மேடம். உங்களுக்குத் தெரிந்த நல்ல ஆளிடம் காட்டுங்கள், அவரே சொல்வார்.

அந்தக் குறிப்புகளை நீங்கள் சற்று முன் உரக்கப் படித்தீர்கள். அப்படி வரிசையாகக் கேட்டபோது எனக்கே கொஞ்சம் ஒருமாதிரி இருந்தது. நானே மறுபடி சொல்லிவிடுகிறேன், தேதியை நீங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள். 'இருபது. காரணம்: பார்க்கலாம்.' அடுத்தது, 'முப்பத்தைந்து. காரணம்: அவனுக்கு இன்னும் தெரியவில்லை.' அடுத்தது, 'அறுபது, ஏற்ற இறக்கம் இருபத்தைந்து. காரணம்: ஞாயிற்றுக்கிழமை பயிற்சியாளர் பார்க்கிறார்.' அதற்கு அடுத்தது, 'நாற்பதாகக் குறைத்தேன். காரணம்: அழுதான்.' நான்கு நாள் கழித்து, 'திரும்ப அறுபது. காரணம்: சரியாகிவிட்டது என்றான்.'

முதலில் அவன் இணைப்பைத்தான் சந்தேகப்பட்டான். "அண்ணா, லைன்ல ஏதாவது இருக்கா பாரேன்." பார்த்தேன். அவன் கண் முன்னாலேயே மூன்று சோதனை ஓட்டிக் காட்டினேன். எல்லாம் பச்சை. பயிற்சியாளரும் எனக்குப் போன் செய்தார். "தம்பி ஆட்டம் படுத்துட்டுதே. வீட்டு லைன் எப்படி?" என்று கேட்டார். ஒரு வாரத்து வரைபடத்தை அனுப்பி வைத்தேன். கோடு போட்டது போல நேராக இருக்கும். "அப்ப லைன் இல்ல, கைதான்," என்றார். கவனியுங்கள், கை என்று நான் சொல்லவில்லை. அவர்தான் சொன்னார்.

அப்பாவுக்கும் கைதான் முதலில். நடுக்கமெல்லாம் பிறகு வந்தது. ஆரம்பத்தில் வெறும் தாமதம். டம்ளரை எடுக்க வேண்டும் என்று நினைப்பார், கை ஒரு கணம் யோசித்துவிட்டுப் போகும். நான் பதினேழு வயதில் சாப்பாட்டு மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து அதை முதலில் பார்த்தவன். இருபது மில்லி செகண்டைப் போட்டபோது இதெல்லாம் எனக்குத் தோன்றவில்லை என்று எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். தோன்றியது.

ஒரு மாலை தம்பி என் முன்னால் வந்து நின்று இரண்டு கைகளையும் நீட்டினான்.

"அண்ணா, மனசுல நினைக்கறேன், கை லேட்டா போகுது. அப்பாவுக்கு இப்படித்தானே?"

நான் உடனே ஆமாம் என்று சொல்லிவிடவில்லை. கைகளைப் பிடித்துப் பார்த்தேன். வெதுவெதுப்பாக, உறுதியாக, எந்தக் குறையும் இல்லாமல் இருந்தன. "டாக்டர்கிட்ட போலாம்டா," என்றேன். எந்தப் பொறுப்பான அண்ணனும் அதைத்தான் சொல்வான். விடுப்புப் போட்டு நானே கூட்டிக்கொண்டு போனேன்.

டாக்டர் சுத்தியலால் முட்டியைத் தட்டினார். மூக்கைத் தொடச் சொன்னார், விரலைத் தொடச் சொன்னார், நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். "ஒண்ணுமே இல்லப்பா. பயந்து போயிருக்கே. ஆறு மாசம் கழிச்சு வேணும்னா வா," என்றார். வெளியே வந்து படியில் உட்கார்ந்தான். முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. சிரிக்கக்கூடச் செய்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன்.

"அப்பாவுக்கும் முதல்ல அப்படித்தான் சொன்னாங்க."

அது உண்மை, மேடம். அப்பாவுக்கும் முதலில் அப்படித்தான் சொன்னார்கள். நான் அவனிடம் பொய் சொன்ன இடம் ஒன்றைக்கூட நீங்கள் காட்ட முடியாது.

அதன்பிறகு கொஞ்ச நாள் அவன் தனக்குத்தானே பரீட்சை வைத்துக்கொண்டான். இணையம் இல்லாமல் கணினியில் ஆடிப் பார்த்தான். ஸ்கேலை மேலிருந்து விட்டு நடுவில் பிடித்துப் பார்த்தான். "தனியா ஆடினா சரியா இருக்குண்ணா. மேட்ச்னு வந்தாத்தான் போயிடுது," என்றான். கெட்டிக்காரன். இன்னும் ஓர் அடி வைத்திருந்தால் பெட்டியில் வந்து முட்டியிருப்பான். "அப்பா தனியா இருக்கும்போது பேனாவைக்கூட நல்லாத்தான் பிடிப்பார். நாலு பேர் பார்த்தாத்தான் கை பேச்சு கேட்காது," என்றேன். இதுவும் உண்மை. அதோடு ஸ்கேலைத் தூக்கி மேஜைக்குள் போட்டுவிட்டான்.

மூன்று மாதம் முடிவதற்கு முன்பே அவனாகவே பயிற்சியாளருக்குப் போன் செய்து விலகிக்கொண்டான். அன்றைக்கு அவன் என் தோளில் சாய்ந்து வெகு நேரம் இருந்தான். நான் அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். வீட்டில் ஒரு நிம்மதி வந்தது. அதை எப்படிச் சொல்வது? ஏற்ற இறக்கம் எல்லாம் அடங்கி, கோடு நேராக ஆனது போல.

அப்பாவுக்குக் கொடுத்த மாத்திரை பற்றிக் கேட்டீர்கள். அந்த யோசனை அவனுடையது. "சீக்கிரமே ஆரம்பிச்சா அப்பா மாதிரி ஆகாம தடுக்கலாமாண்ணா?" என்று கேட்டான். எனக்கு அளவெல்லாம் அத்துப்படி. ஒன்பது வருடம் நேரம் தவறாமல் கொடுத்திருக்கிறேன். மருந்துக் கடைக்காரருக்கு எங்கள் வீட்டை அந்தக் காலத்திலிருந்தே தெரியும். "மறுபடியுமா? ஐயோ பாவம், சின்னவனுக்கா?" என்று கேட்டுவிட்டு, சீட்டுக்கூடக் கேட்காமல் எடுத்துக் கொடுத்தார். காலை எட்டு, மதியம் இரண்டு, இரவு எட்டு. முதலில் கால் மாத்திரை, பிறகு பாதி, பிறகு முழுது. குமட்டியது, தலை சுற்றியது. மூன்றாம் மாதம் அவன் விரல்கள் தானாகத் துடிக்க ஆரம்பித்தன. பிறகு தோள். நோய் இல்லாதவனுக்கு அந்த மாத்திரை அப்படிச் செய்யும் என்று உங்கள் டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். படித்தேன். இருக்கலாம். அந்த நோயே அப்படித்தான் செய்யும் என்பதும் எனக்குத் தெரியும். நான் ஒன்பது வருடம் பார்த்தவன், அவர் ஒரு மணி நேரம் பார்த்தவர்.

டம்ளரை அவனால் பிடிக்க முடியாமல் போன பிறகு நான் பிடித்துக்கொண்டேன். ஊட்டினேன். சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டேன். மதிய மாத்திரைக்காக எந்த வேலையில் இருந்தாலும் போட்டது போட்டபடி வீட்டுக்கு ஓடி வருவேன். இந்த ஐந்து மாதத்தில் அவன் ஒருவேளைகூடப் பசியோடு இருந்ததில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பெட்டியை அவன் எப்படித் திறந்தான் என்பது எனக்கு நேற்று வரை தெரியாது. நீங்கள் அவனுடைய புகாரைப் படித்தபோதுதான் புரிந்தது. அவன்தான் இப்போது ஆடுவதில்லையே. பட்டியலில் தன் பெயர் சும்மா மேலே இருக்கிறதே, அண்ணன் பெயரை மேலே போட்டால் அண்ணனுக்காவது வேகமாகக் கிடைக்குமே என்று நினைத்திருக்கிறான். அதற்காகத்தான் திறந்திருக்கிறான். கடவுச்சொல் அவனுடைய பிறந்த தேதி. நான் வேறு எதை வைப்பேன்? முதல் முயற்சியிலேயே திறந்துவிட்டது. பட்டியலில் என் பெயரை மேலே இழுத்துப் போட்டிருக்கிறான். அதன் பிறகுதான் பக்கத்தில் இருந்த குறிப்பைப் பார்த்திருக்கிறான். இருபத்திரண்டு நிமிடம் அந்தப் பக்கம் திறந்தே இருந்ததாகப் பெட்டி பதிவு செய்திருக்கிறது. ஐந்து வரியைப் படிக்க இருபத்திரண்டு நிமிடம்.

அதற்குப் பிறகு மூன்று நாள் அவன் என்னிடம் ஒன்றுமே காட்டவில்லை. வாயைத் திறந்தான், ஊட்டினேன். மாத்திரையை நீட்டினால் வாங்கிப் போட்டுக்கொண்டான். இரண்டாம் நாள் மட்டும் ஒரு கேள்வி கேட்டான். ஜன்னலைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டான்.

"அண்ணா, என் கை அப்பா கை மாதிரியேவா இருக்கு?"

நான் நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். "அச்சு அசல் அதே மாதிரிதான்டா."

"சரிண்ணா," என்றான்.

உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறான் என்கிறீர்கள். அப்படி அவன் சொன்னானா? புகாரில் இல்லையே. நான்காம் நாள் நான் வேலைக்குப் போன பிறகு, துடிக்கிற கையோடு சுவரிலிருந்து நாலு திருகாணியையும் கழற்றி, பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இங்கே வரைக்கும் நடந்தே வந்திருக்கிறான். யாரும் துணைக்கு இல்லை. வழியில் இரண்டு பெரிய சாலையைக் கடந்திருக்கிறான்.

நான் செய்தேன், மேடம். தாமதத்தைப் போட்டது நான். அவன் கை நன்றாக இருக்கிறது என்று தெரிந்தே அவனை நம்ப வைத்தது நான். மாத்திரையின் அளவைக் கூட்டியதும் நான். கீழே கையெழுத்துப் போடுகிறேன், எங்கே என்று காட்டுங்கள். இனி வேலை செய்வானா, பேனா பிடிப்பானா, அந்தத் துடிப்பு நிற்குமா என்று டாக்டருக்கே தெரியவில்லை என்கிறீர்கள். எனக்கும் தெரியாது. கேட்க எனக்கு வலிக்கிறது, நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும்.

ஆனால் ஒன்று. புகாரின் அடியில் அவன் போட்ட கையெழுத்தைக் காட்டினீர்கள். கோடு ஏறி இறங்கி, பாதியில் தாளை விட்டே வெளியே போயிருக்கிறது. அவன் தலையணை உறைக்குள் ஒன்பது மாத்திரை கிடைத்ததாகவும் சொன்னீர்கள். வாங்கி வாயில் போட்டு, நான் திரும்பியதும் துப்பியிருக்கிறான். ஒரு நாளைக்கு மூன்று, மூன்று நாள். இப்போது உங்களுக்கே விளங்கியிருக்கும். மூன்று நாள் விட்டதற்கே கை இப்படி ஆகியிருக்கிறது.

மணி ஏழரை ஆகிறது. எட்டு மணிக்கு மாத்திரை. அவன் எந்த அறையில் இருக்கிறான் என்று மட்டும் சொல்லுங்கள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், டம்ளரை யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு அது சரியாக வராது.